ஆறாம் நாள் ஃபோல்டர்

எங்கள் டூர் கம்பெனியில் போட்டோக்காரருக்கு டப்பா என்று பெயர். நேரில் டப்பா அண்ணே, முதுகுக்குப் பின்னால் வெறும் டப்பா. பெயர் வைத்தது நான்தான். அந்தப் பாவமும் என்னையே சேரட்டும்.

அவர் தோளில் எப்போதும் ஒரு பை தொங்கும். பைக்குள் கொக்கி போட்ட எவர்சில்வர் டிபன் டப்பா. ஒரு முறை டூருக்குப் புதிதாக வந்த சமையல்காரர், மிச்சம் மீதி ஏதாவது இருக்கிறதா, கழுவி வைக்கலாம் என்று அதைத் திறந்துவிட்டார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க் ஒன்று. அதைச் சுற்றி, ஈரம் உறிஞ்சுவதற்காகப் புதுச் செருப்புப் பெட்டிகளிலிருந்து சேர்த்த வெள்ளைப் பொட்டலங்கள் ஒரு பிடி. "ஐயோ, இதைத் தின்னா மனுஷன் உயிரோட இருப்பாரா?" என்று பதறிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். நான் சிரித்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது.

ஒரு போட்டோ மூன்று இடத்தில் இருந்தால்தான் அவருக்கு அது எடுத்த போட்டோ. லாப்டாப்பில் ஒன்று, டப்பாவில் ஒன்று, என்னிடம் ஒன்று. போதாதென்று கேமரா கார்டையும் துடைக்க மாட்டார். நிரம்பியதும் தேதி எழுதி உறையில் போட்டுவிட்டுப் புதுக் கார்டு வாங்குவார். பத்து நாள் டூர் என்றால் நான்காம் நாளே ஒரு டிஸ்க்கைக் கூரியரில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவர் மனைவி, எனக்கு அண்ணி, வாய் சும்மா இருக்காது. "என்னையும் ஒரு காப்பி எடுத்து எங்க அம்மா வீட்டுல வச்சிருக்காராம். இது தொலைஞ்சா அது இருக்கும்ல" என்பார்.

எல்லோரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன். ஆனால் அவர் இப்படி ஆனது யாரால் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்குப் பொறுமை கிடையாது. பன்னிரண்டு வருஷம் வளைத்தது போதும்.

முன்பெல்லாம் அவர் வேறு ஆள். நான் ஓட்டியது நாற்பத்தொரு சீட் பஸ். போகிற இடமெல்லாம் பயணிகளைப் படம் எடுப்பது அவர் வேலை. டூர் முடியும்போது ஆளுக்கொரு ஆல்பம் கொடுக்க வேண்டும். கிழவர்களைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவார். "யாரும் சிரிக்காதீங்க, லென்ஸ் கூச்சப்படும்" என்பார். கூட்டம் மொத்தமும் பல்லைக் காட்டும். பஸ் கிளம்பியதும் என் பக்கத்தில், இன்ஜின் மூடிமேல் கம்பளியை விரித்து உட்கார்ந்து, மடியில் லாப்டாப்பை வைத்து, கார்டிலிருந்து படங்களை இறக்குவார்.

"சூட்டுல அது வெந்துடும்ணே. எழுந்து பின்னால போங்க."

"பின்னால போனா உன் திட்டு காதுல விழாதே. தூக்கம் வந்துடும்டா."

லாப்டாப்பில் இறக்கியதும் கறுப்பாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு டிஸ்க்கைச் செருகி அதிலும் ஒரு நகல் எடுப்பார். அது என் பொறுப்பு. என் தலைக்கு மேலே பர்மிட் தாள்கள் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வேன். "ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு உன்கிட்ட. நாம ரெண்டு பேரும் ஒரே குழியில விழ மாட்டோம்" என்பார். இரண்டும் ஆனதும் கார்டைத் துடைத்து மறுபடி கேமராவில் போட்டுவிடுவார். அந்தக் காலத்தில் அவரிடம் இருந்ததே இரண்டு கார்டு.

அந்த டூரில் பதினேழு, பதினெட்டாம் சீட்டில் ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். முப்பது, முப்பத்திரண்டு வயது. அப்பா அம்மா இல்லை. தங்கைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்த சந்தோஷத்தில் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். எந்த இடமானாலும் முதலில் இறங்குவது அவன், கடைசியில் ஏறுவதும் அவன். கையில் ஒரு நீளக் குடை. "சார், அவள ஒண்ணு எடுங்க" என்று டப்பா அண்ணனைப் பிடுங்கி எடுப்பான். தான் நிற்க மாட்டான். "நீயும் நில்லுய்யா" என்றால், "என் மூஞ்சிய தினம் கண்ணாடியில பாத்து நொந்துதான் கெடக்கேன்" என்று நகர்ந்துவிடுவான். கலகலப்பான பயல். என் பஸ்ஸின் கதவு கிறீச்சிட்டதைக் கேட்டுவிட்டு, அவனே எண்ணெய் வாங்கி வந்து கீலில் விட்டான். லிஃப்ட் கதவு தவிர வேறு கதவு எதுவும் அவன் தொட்டதில்லையாம்.

ஆறாம் நாள் காலை ஒரு மலை ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். படகுத் துறையில் அவன் ஒரு ஆளோடு நின்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தான். தொப்பி போட்ட ஆள். எங்கள் பஸ் ஆள் இல்லை. அபூர்வமாக அவன் ஓரிடத்தில் நின்றானே என்று டப்பா அண்ணன் அந்த இருவரையும் மூன்று நான்கு படம் எடுத்தார். அன்று அவன் போட்டிருந்தது கடுகு நிறச் சட்டை. சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது வழக்கம்போல லாப்டாப்பில் இறக்கி, என் டிஸ்க்கிலும் ஏற்றி, கார்டைத் துடைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கண்ணால் பார்த்தேன்.

சாப்பிட்டதும் மறுபடி ஏரிக்கே வந்து, நிறுத்தத்தில் பஸ்ஸைப் போட்டேன். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். தூறல் பிடித்துக்கொண்டது. பெரும்பாலானோர் ஏரியைப் பார்க்கப் போய்விட்டார்கள், ஆறேழு பேர் பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா? பஸ் டிவியில் சினிமா போடு, சினிமா போடு என்று என் உயிரை வாங்கினார்கள். என்னிடம் இருந்த படங்களை எல்லாம் முதல் மூன்று நாளிலேயே பார்த்துத் தீர்த்தாயிற்று. பக்கத்தில் வேறொரு கம்பெனி பஸ் நின்றது. அதன் டிரைவர் லாப்டாப்பில் ஒரு புதுச் சிரிப்புப் படம் வைத்திருந்தான். கறுப்பு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"எடம் இல்லயேப்பா. எதையாவது தூக்கினாதான் ஏறும்" என்றான்.

பார்த்தேன். முதல் நாள், இரண்டாம் நாள் என்று வரிசையாக ஆறு ஃபோல்டர். எனக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம், யோசித்துத்தான் செய்தேன். பழைய நாட்களின் படங்களை லாப்டாப்பிலிருந்து ஒருவேளை அழித்திருப்பார், அவற்றைத் தொடக் கூடாது. இன்றைய படம் இப்போதுதானே இறக்கினார், லாப்டாப்பில் கண்டிப்பாக இருக்கும். ராத்திரி லாட்ஜில் கேட்டு மறுபடி ஏற்றிக்கொண்டால் போயிற்று. "ஆறாம் நாள தூக்கு" என்றேன். தூக்கினான். படம் ஏறியது. மூன்று பத்துக்குப் போட்டேன். ஐந்துக்குள் முடியாதே என்று மணி பார்த்தேன், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

படம் ஓடியது. பின்னால் சிரிப்புச் சத்தம். நான் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தேன். நடுவில் எங்கோ ஜன்னல் கண்ணாடியில் டொக் டொக் என்று யாரோ தட்டினார்கள். கதவு திறந்துதானே கிடக்கிறது, எந்த மடையன் கண்ணாடியைத் தட்டுகிறான் என்று மனசுக்குள் திட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் படுத்திருந்தேன்.

ஐந்து மணிக்குத் தலை எண்ணினேன். நாற்பது. பதினேழாம் சீட் காலி.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், மெதுவாகச் சொல்ல எனக்கு நெஞ்சு இல்லை. தேடினோம். தூறல் மழையானது. கரை முழுக்கக் கத்திக்கொண்டே ஓடினோம். துறையின் ஓரத்தில் பாசி வழுக்கி டப்பா அண்ணன் மார்பளவு தண்ணீரில் விழுந்தார். தோளில் இருந்த பை நழுவி, லாப்டாப்பும் கேமராவுமாக ஆழத்துக்குப் போய்விட்டது. ஏரிக்கரை போலீஸ் சாவடியில், அவன் யாரோடோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். யாருக்கும் அந்த ஆளின் முகம் தெரியவில்லை.

"போட்டோ இருக்கு சார்" என்றார் டப்பா அண்ணன். நனைந்து, பஸ் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பல் கிடுகிடுக்க நின்றிருந்தார். "அந்த ஆளு முகம் நேரா இருக்கு. நான்தான் எடுத்தேன். லாப்டாப் போச்சு, பரவாயில்ல. டிரைவர்கிட்ட ஒண்ணு இருக்கு."

டிஸ்க்கை எடுத்து வருகிறேன் என்று பஸ்ஸுக்கு ஓடினேன். ஓடி என்ன செய்தேன்? அந்தப் பக்கத்து பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. சினிமாப் படத்தை டிஸ்க்கிலிருந்து அழிக்கச் சொன்னேன். அவன் ஏன் என்று கேட்டான், "வாய மூடிக்கிட்டு தூக்குய்யா" என்று எரிந்து விழுந்தேன். பிறகு டிஸ்க்கைக் கொண்டுபோய்ச் சாவடி மேசைமேல் வைத்தேன். கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தார்கள். ஐந்து ஃபோல்டர் இருந்தது.

டப்பா அண்ணனின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். திரைக்குள் புகுந்துவிடுவது போலக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சாப்பிடுறப்ப பேசிக்கிட்டே இருந்தேன்... உன் டிஸ்க்க செருகினேன்ல? செருகினேனா இல்லயா, சொல்லுடா."

"ஞாபகம் இல்லண்ணே" என்றேன்.

இரண்டே வார்த்தை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கை அப்போதுதான் எழுந்து வந்தாள். "அந்த ஆளு எப்படி இருந்தாரு சார்? நீங்க பாத்தீங்கல்ல?" என்று அவரிடம் கேட்டாள். "தொப்பி போட்டிருந்தான்மா. கேமரா பாத்துக்கும்னு... நான் பாக்கலம்மா" என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று போலீஸ்காரர் அவளிடம் கேட்டார். அவன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, இரண்டரை மணி இருக்கும் என்றாள். இரண்டே முக்காலுக்கு ஒரு படகு எதிர்க்கரைக்குப் போயிருந்தது. அதில் போயிருப்பான் என்று நான்கு நாள் எதிர்க்கரையில் தேடினார்கள். ஏரியிலும் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. குடைகூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் டிபன் டப்பா வந்தது, கூரியர் வந்தது, மூன்று இடம் வந்தது. வருஷத்தில் பாதி நாள் டூருக்கு வந்தார், மீதி நாள் ஒரு செருப்புக் கடையின் மாடியில் சின்ன அறை எடுத்து, தொலைந்த போட்டோக்களை மீட்டுக் கொடுக்கும் கடை வைத்தார். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மேசை விசிறி, ஒரு ஸ்டூல், சுவர் நிறைய டிஸ்க்குகள். கல்யாணப் படம் தொலைத்தவர்கள், குழந்தையின் முதல் படம் தொலைத்தவர்கள், குடித்துவிட்டுக் கார்டைத் தொலைத்தவர்கள் எல்லோரும் அங்கே வந்தார்கள். எல்லோருக்கும் மீட்டுக் கொடுத்தார். கைராசிக்காரர் என்று பெயர் வந்தது.

அந்தக் கறுப்பு டிஸ்க்கை மட்டும் விடாமல் கிளறிக்கொண்டே இருந்தார். போலீஸ் அதை ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதன்மேல் அவர் எத்தனை புரோகிராம் ஓட்டினார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். வரும், வராது என்று சொல்ல முடியாமல் ஏதேதோ வரும். முக்கால்வாசி சாம்பல் நிறமாக, ஓரத்தில் மட்டும் ஒரு துண்டு. துறையின் கம்பி வேலி. கடுகு நிறச் சட்டையின் கை, முழங்கை வரைக்கும். அந்தத் தொப்பியின் விளிம்பு, அதற்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். நான் போகும்போதெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். "ஃபோல்டரே இல்லாத டிஸ்க்குல துண்டு எப்படிடா வருது? அப்ப நான் ஏத்தியிருக்கேன். ஏத்திட்டு நானே எதையோ அமுக்கி அழிச்சிருக்கேன்" என்பார். நான் செருப்புக் கடை நாற்றத்தைப் பற்றி ஏதாவது பேசிப் பேச்சை மாற்றுவேன்.

இதில் பெரிய கொடுமை, கறுப்பு டிஸ்க் என் கையை விட்டுப் போன பிறகு சாம்பல் நிறத்தில் வேறொன்று வாங்கி, அதையும் என்னிடமே கொடுத்தார். "ஒண்ணு உன்கிட்ட" என்றார், எப்போதும்போல. பன்னிரண்டு வருஷம் அதை என் தலைக்கு மேல் பூட்டி வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

தங்கை வருஷா வருஷம் அதே தேதியில் அந்த மாடிக்கு வருவாள். காலை பதினொரு மணி. ஸ்டூலில் உட்காருவாள். "ஏதாச்சும் கெடச்சுதா சார்?" என்பாள். அவர் அந்த வருஷம் வந்த துண்டைக் காட்டுவார். ஒரு வருஷம் சட்டைக் கை. ஒரு வருஷம் வேலி. அவள் அதை விரலால் திரைமேல் தொட்டுப் பார்த்துவிட்டு, கொடுத்த டீயைக் குடிக்காமல் போய்விடுவாள். அவரையும் சார் என்பாள், என்னையும் டிரைவர் சார் என்பாள். வேறு யாரையும் அண்ணன் என்று அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எனக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்ல வேண்டும். என் பஸ்ஸில் அதற்குப் பிறகு படம் ஓடவில்லை. டிவி ஒயரை நானே வெட்டிவிட்டு, எலி கடித்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். புது ஒயர் போட்டார்கள். அந்த எலி அதையும் கடித்தது. தலை எண்ணும்போது நாற்பத்தொன்று சரியாக வந்தாலும் இன்னொரு முறை எண்ணுவேன். கண்ணாடியில் பதினேழாம் சீட்டைப் பார்க்காமல் ஓட்டப் பழகினேன். மழை மட்டும் என் கையில் இல்லை. ஜன்னலில் சொட்டுச் சொட்டாக விழுந்தால் போதும், டொக் டொக் என்று எனக்குக் கேட்கும். திரும்பிப் பார்ப்பேன். ஒரு முறை நடு ரோட்டில் பிரேக் போட்டு இறங்கி, பஸ்ஸைச் சுற்றி வந்து பார்த்தேன். பயணிகள் எனக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். தப்பில்லை. பிடித்துத்தான் இருந்தது.

இந்த வருஷம் டப்பா அண்ணனுக்குக் கண் போய்விட்டது. நரம்பு என்றார் டாக்டர். வெளிச்சம் தெரியும், முகம் தெரியாது. அந்தத் தேதிக்கு முதல் நாள் போன் செய்தார்.

"நாளைக்கு அவ வருவா. நீயும் வாடா. ஸ்க்ரீன்ல என்ன வந்திருக்குன்னு எனக்குத் தெரியல. நீதான் பாத்துச் சொல்லணும்."

போகாமல் இருக்க எத்தனையோ காரணம் யோசித்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. பத்து மணிக்கே போனேன். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் டப்பா. "ஆறாம் நாள்னு ஒரு ஃபோல்டர் வச்சிருக்கேன் பாரு. புதுசா ஓட்டினதும் அதுல சேர்ந்திருக்கும். ஒண்ணொண்ணா தெற" என்றார்.

திறந்தேன். சாம்பல். சாம்பல். சட்டைக் கை. வேலி. மறுபடி சாம்பல். "இதுல ஒண்ணும் இல்லண்ணே. இதுலயும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் பெரிதாக ஒன்று இருந்தது. அவர் எடுத்த வீடியோவாக இருக்கும் என்று நினைத்து அமுக்கினேன்.

மேளம் அடித்தது. ஒரு குழல் கோணலாக ஊதியது. அந்தச் சிரிப்புப் படத்தின் ஆரம்பப் பாட்டு.

என் கை மவுஸிலேயே ஒட்டிக்கொண்டது. நிறுத்தத் தோன்றவில்லை. டப்பா அண்ணன் தலையைத் திருப்பாமல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது முதல் வாரத்துலயே வந்துடுச்சுடா" என்றார். "எல்லாத்துக்கும் முன்னாடி வந்தது அதுதான். முழுசா வந்துச்சு. ஒரு கீறல் இல்ல. அதுல இருக்கிறவன் ஒவ்வொருத்தன் மூஞ்சியும் பளிச்சுனு இருக்கு."

"அண்ணே..."

"அந்தப் படத்துக்கு மேல வேற எதையும் ஏத்தல பாரு. அதான் அது பொழச்சுது. அதுக்கு அடியில இருந்ததுதான் போச்சு."

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "தெரிஞ்சும் ஏன்ணே கேக்கல? உங்க தப்புன்னுல்ல சொல்லிக்கிட்டு இருந்தீங்க. என்னப் புடிச்சு ரெண்டு அறை விட்டிருக்கக் கூடாதா?"

"நீயா சொல்லுவேன்னு ஒரு வருஷம் இருந்தேன். ரெண்டு வருஷம் இருந்தேன். உன் முன்னாடி என் தப்பு என் தப்புன்னு சொன்னா உனக்கு உறைக்கும்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். உனக்கு உறைக்கல. அப்புறம் பயம் வந்துடுச்சு. கேட்டா நீ வரமாட்ட. அன்னைக்கு அந்த மழையில என்கூட ஓடினவன் வேற யாருடா இருக்கா எனக்கு?"

நான் அழுதேன். கிழட்டு வயசில் வெட்கமில்லாமல் அழுதேன். அந்தப் படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இரும்புப் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள்தான். ஆனால் பாதிப் படியில் நின்றுவிட்டாள். அவ்வளவு நேரம் ஏன் நின்றாள் என்று அப்போது புரியவில்லை. பிறகு ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நரை விழ ஆரம்பித்திருந்தது. திரையைப் பார்த்தாள்.

"இந்தப் படம் இங்க எப்படி சார் வந்துச்சு?"

டப்பா அண்ணன் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தரையிலிருந்து எழுந்தேன்.

"உங்க அண்ணன் போட்டோவ அழிச்சது இவர் இல்லம்மா. நான். இந்தப் படத்த ஏத்த எடம் வேணும்னு நான்தான் அழிச்சேன். அழிச்சுட்டு, தெரியாதுன்னு பொய் சொன்னேன். இவ்வளவு வருஷமா இவர் மேல பழிய போட்டுட்டு நான் சும்மா இருந்தேன்."

திட்டுவாள் என்று நின்றேன். காறித் துப்பினாலும் துடைக்கக் கூடாது என்று நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நான் அந்த பஸ்ஸுலதான் உக்காந்திருந்தேன்" என்றாள். "இந்தப் படத்தத்தான் பாத்துட்டு இருந்தேன். அண்ணன் திரும்பி வந்தான். குடைக் காம்பால என் ஜன்னல்ல தட்டினான். வா, வான்னு கைய காட்டினான். நான், படம் முடியட்டும், போடான்னு கைய ஆட்டினேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டான்."

நான் திரும்பிப் பார்க்காத அந்தத் தட்டல். டொக் டொக்.

"போலீஸ்ல கேட்டப்ப சுத்தி எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. படம் பாக்கணும்னு அவன விரட்டினேன்னு சொல்ல வாய் வரல. அவன் எறங்கினப்பதான் பாத்தேன்னு சொல்லிட்டேன். ஒரு தடவ சொன்னதுக்கப்புறம் மாத்திச் சொல்ல முடியல. அவங்க படகுல போயிட்டான்னு எதிர்க்கரையில தேடினாங்க. அவன் இந்தக் கரையிலதான் இருந்தான் சார். பஸ்ஸுக்குப் பக்கத்துலதான் இருந்தான்."

"அப்ப பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களாம்மா? தொப்பி போட்டவன்?" என்று டப்பா அண்ணன் கேட்டார்.

"நான் படத்தத்தானே பாத்துட்டு இருந்தேன்" என்றாள்.

பிறகு அவள் என்னிடம் கேட்டாள். "படம் எத்தன மணிக்குப் போட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

இந்த முறை ஞாபகம் இல்லை என்று சொல்லவில்லை. "மூணு பத்து" என்றேன்.

"முதல்லேர்ந்து போடுங்க. அவன் தட்டினப்ப என்ன சீன் ஓடுச்சுன்னு எனக்குத் தெரியும்."

போட்டேன். மூன்று பேரும் உட்கார்ந்து அந்தச் சிரிப்புப் படத்தைப் பார்த்தோம். ஒருவருக்குக் கண் தெரியாது, காதால் பார்த்தார். ஒருவன் ஏணியிலிருந்து விழுந்தான். ஒருவன் மாமனாரின் வேட்டியைத் தவறுதலாகக் கட்டிக்கொண்டு போனான். யாரும் சிரிக்கவில்லை. அவள் கைகளை முழங்காலில் ஊன்றி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். ஒரு இடத்தில் நாயகன் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு உள்ளேயிருந்து தும்முகிறான். அவளுடைய தலை சட்டென்று இடது பக்கம் திரும்பியது. அங்கே வெறும் சுவர்தான்.

"இங்க" என்றாள். "இங்கதான் தட்டினான்."

நிறுத்தினேன். அலமாரிக் கதவு பாதி திறந்தபடி திரை நின்றது. கீழே ஐம்பத்தொரு நிமிஷம் என்று காட்டியது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"மணி என்னடா?" என்றார் டப்பா அண்ணன்.

"நாலு ஒண்ணுண்ணே. நாலு ஒண்ணு வரைக்கும் இருந்திருக்கான்."

அவர் டப்பாவின் கொக்கியைத் தடவிக்கொண்டே இருந்தார். "எழுதுங்க" என்றார். "மூணு இடத்துல எழுதுங்க."

அவள் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மூன்றாகக் கிழித்தாள். மூன்றிலும் தேதி, மணி, கடுகு நிறச் சட்டை, கையில் குடை, சிரித்துக்கொண்டு போனான் என்று எழுதினாள். அவள் பங்கை எடுத்துக்கொண்டு நேராகப் போலீஸுக்குப் போவதாகச் சொன்னாள். ஒன்றை அவர் டப்பாவுக்குள் வைத்து மூடினார். மூன்றாவதை என்னிடம் நீட்டினாள்.

"இத நீங்க வச்சுக்கங்கண்ணே" என்றாள்.

பர்மிட் பெட்டியில், என் தலைக்கு மேல்தான் இருக்கிறது.